கூப்பிடுறவங்களுக்கு மட்டும் கேக்கும்

போனை ஆஃப் பண்ணிட்டியா தாயி? பண்ணாத. அந்தக் கோர்ட்டு டவாலி அப்படித்தான் சொல்லிக்கிட்டே நடப்பான், உள்ள போறப்பப் பண்ணிக்கலாம். எனக்கு ஒரு உதவி செய்யி. என் நம்பரைச் சொல்லுறேன், ஒரு தடவை அடி. வேற ஒண்ணுமில்ல, பாட்டு சரியா வருதான்னு பாக்கணும். இன்னைக்கு ஜட்ஜம்மா முன்னால அந்தப் பாட்டுதான் எனக்குச் சாட்சி.

ஏன் அப்படிப் பாக்குற? உன் நம்பரை வச்சு நான் என்ன செய்யப் போறேன். சரி, இப்ப வேண்டாம். எங்க கேசு பதினொண்ணாவது. இப்பத்தான் நாலாவது கூப்பிட்டிருக்கான். நான் கதையைச் சொல்லுறேன், கேட்டுட்டு உனக்கே தோணும், அப்ப அடி.

எம்பேரு வெயிலுமுத்து. ஊரு ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டி. உன் கையில கட்டுப் போட்டிருக்கே, அந்தத் துணி எங்க ஊருத் துணியாத்தான் இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போற பேண்டேஜ் துணி முக்காவாசி எங்க பக்கம்தான். வழுக்கி விழுந்திட்டியா? பாத்து நடக்கணும் தாயி. பொம்பளைக எல்லாரும் எப்படித்தான் விழுவீகளோ, எங்க வீட்டுலயும் இப்படித்தான்.

எங்க வீட்டுலன்னா ராமுத்தாய். எம்பொண்டாட்டி. அவ போட்ட கேசுதான் இது. தீத்துவிடச் சொல்லிப் போட்டிருக்கா. பதினாலு வருசம் வாழ்ந்தவ. நான் தீத்துவிட மாட்டேன். கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன். சாயங்காலம் மூணரை பஸ்ஸுக்கு ரெண்டு பேரும் ஏறணும்.

அவ அந்தத் துணி சுத்துற கம்பெனியில வேலை பாத்தா. நான் அதே கம்பெனிக்கு லோடு ஆட்டோ ஓட்டுனேன். வரிசையா உக்காந்து பொம்பளைக சுத்துவாளுக. சுத்துறப்ப இவ பாடுவா. படிச்சவ இல்ல, எட்டாப்புதான். சொந்தமாக் கட்டிப் பாடுவா. குரலு எப்படி இருக்கும்னா, என்னத்தச் சொல்ல, பசிச்ச வயித்துல சுடுகஞ்சி எறங்குற மாதிரி இருக்கும். நான் எத்தனையோ நாளு ஆட்டோவை நிறுத்திட்டு சன்னலோரமா நின்னு கேட்டுருக்கேன். அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா தலையில ஏறி உக்காந்துருவா.

பாட்டு இதுதான், மெதுவாச் சொல்லுறேன்:

சுத்துறேன் சுத்துறேன் வெள்ளத்துணி - நீ
சுத்தப் போறது யாரு மேனி
பக்கத்துலதான் காயமிருக்கு - உன்னப்
பட்டணத்துக்கு ஏத்துறாக

அர்த்தம் என்னன்னா, துணி மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு லாரி ஏறிப் போகுதுல்ல, அதைச் சொல்லுறா. தொழிலைப் பத்துன பாட்டு. அவ்வளவுதான். இதுல போயி சில பேரு என்னென்னமோ அர்த்தம் எடுக்கிறாய்ங்க.

போன வருசம் தை மாசம். பொங்கல் முடிஞ்ச வாரம். எனக்கும் கம்பெனி சூப்பர்வைசருக்கும் அன்னைக்கு வாய்த்தகராறு. அவன் என்னைப் பொம்பளைக முன்னால வாடா போடான்னுட்டான். அங்க வச்சு அவனை ஒண்ணும் செய்ய முடியல. வேலை போயிரும்ல. வீட்டுக்கு வர்றேன், இன்னும் வெளிச்சம் இருக்கு. அடுப்புல ஒல காயுது, அரிசி போடல. இவ சொவத்துல சாஞ்சு உக்காந்து கண்ணை மூடிப் பாடுறா. பக்கத்து வீட்டு ஈஸ்வரி, அவளும் துணி சுத்துறவதான், எதிர்க்க உக்காந்து போனை நீட்டிப் பாட்டைப் பிடிச்சுக்கிட்டு இருக்கா. எம்புட்டு வயிறு எரியும் சொல்லு. கை பட்டுருச்சு. நான் அடிச்சேன்னு சொல்ல மாட்டேன், கை பட்டுருச்சு. ரெண்டு தடவை. சட்டி உருண்டுச்சு. பல்லு ஒண்ணு போச்சு, அது ஏற்கெனவே ஆடிக்கிட்டு இருந்த பல்லு.

ஈஸ்வரி எந்திரிச்சு ஓடிட்டா. ஓடுனவ போனை அமத்தாம ஓடியிருக்கா. பாட்டு, அது முடிஞ்ச கையோட என் சத்தம், "ஏண்டி, கச்சேரியா நடக்குது"ன்னு, பெறகு அந்த ரெண்டு அடி, சட்டி, இவ ஒரு மாதிரி மூச்சை இழுப்பா பாரு, அது வரைக்கும் பதிஞ்சிருச்சு. மறுநாளு ஈஸ்வரி கம்பெனியில வச்சு புளூடூத்துல ஒருத்தி போனுக்கு ஏத்தியிருக்கா. அவ இன்னொருத்திக்கு. பத்தே நாள்ல சங்கரன்கோயில் வரைக்கும் போயிருச்சு. மெமரி கார்டுல பாட்டு ஏத்துற கடைக இருக்குல்ல, அத்தனை கடையிலயும் அதுதான். "சட்டிப் பாட்டு இருக்கா"ன்னு கேட்டு வாங்குனாளுக. பேரே அப்படி ஆகிப்போச்சு.

நான் மொதமொதல்ல கேட்டது தளவாய்புரத்துல ஒரு டீக்கடையில. கிளாஸைக் கையில வச்சிருக்கேன், எம்பொண்டாட்டி குரலு வருது. பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். கடைசியில என் குரலு வந்துச்சு. கடையில இருந்த நாலு பேரு என்னையே பாத்தாய்ங்க. அந்த டீயை டீ மாஸ்டர் மூஞ்சியில ஊத்திட்டு வந்தேன்.

அப்பத்தான் ஜெரால்டு வந்தான். மெட்ராஸ்ல ஒரு பாட்டுக் கம்பெனி, அதுல வேலை பாக்குறவன். வெள்ளைச் சட்டை, மெதுவாப் பேசுவான். எங்க வீட்டுல வந்து பாயில உக்காந்து சொன்னான். "அண்ணே, இனிமே கேசட்டும் ஓடாது, சி.டி.யும் ஓடாது. எல்லாப் பயலும் சும்மா ஏத்திக்கிடுறான். திருட முடியாத பாட்டு ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி இருக்கு. காலர் ட்யூன். அது யாரு போன்லயும் இல்ல, எங்க மெஷின்ல இருக்கு. உங்களைக் கூப்பிடுறவங்க காதுல மட்டும் கேக்கும். அதைக் கார்டுல எடுத்துப் போட முடியாது. வேணும்னா மாசாமாசம் காசு கட்டித்தான் வைக்கணும். சட்டப்படி நடக்குற வியாபாரம் இது."

நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "கடைசியில ஒரு சத்தம் வருதே, அது?"

"அதை வெட்டிருவோம்ணே. புதுசா நல்ல மைக்குல பாட வச்சு, சுத்தமாப் போட்டுருவோம்."

அவன் மேல அப்பத்தான் எனக்கு மரியாதை வந்துச்சு. இவ அடுப்படியில இருந்து சொன்னா, "அதை வெட்டாதீக சார்"னு. என்னடி வெட்டாதன்னு நான் ஒரு பார்வைதான் பாத்தேன். அவன் தலையைக் குனிஞ்சிக்கிட்டான். ஒப்பந்தத்துல பாடுனவதான் கையெழுத்துப் போடணும்னுட்டான். போடட்டும், பொண்டாட்டி கையெழுத்தும் நம்ம கையெழுத்துதானேன்னு நானும் விட்டுட்டேன்.

பாட்டு வந்துச்சு. சுத்தமா, ஒரு புல்லாங்குழலு, ஒரு தபேலா வச்சு. மொத ஆளா என் போன்ல வச்சேன். லோடு ஆட்டோவை ஒப்படைச்சுட்டேன். இனிமே நான் ராமுத்தாயோட மேனேஜர்னு ஊருல சொல்லிட்டேன். ஆனா விக்கல. ஒரு வாரம், ரெண்டு வாரம் பாத்தேன், ஜெரால்டு போன்ல "மெதுவாப் போகும்ணே"ங்குறான். எப்படிப் போகும்? கடைக்குக் கடை ஓசியில சட்டியோட ஏத்திக்கிட்டு இருக்காய்ங்க. திருட்டுப் பாட்டு இருக்கிற வரைக்கும் எவன் காசு குடுத்து நல்ல பாட்டை வைப்பான்?

அதனால நானே எறங்குனேன். மாசி பங்குனி சித்திரை வைகாசி, நாலு மாசம். சட்டத்தைக் காப்பாத்துறதுன்னா சும்மாவா தாயி. ஒரு கம்பு, ஒரு ஸ்க்ரூ டிரைவரு, பைக்கு. சேத்தூருல ரெண்டு கடை, முகவூருல ஒண்ணு, ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குள்ள மூணு. உள்ள போவேன். "சட்டிப் பாட்டு இருக்கா"ன்னு கேப்பேன். இருக்குன்னா கம்ப்யூட்டரு தரையில கெடக்கும். இல்லைன்னு பொய் சொன்னா அவன் தரையில கெடப்பான்.

தவமணின்னு ஒருத்தன், சிவகிரி ரோட்டுல கடை. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு இருப்பான். அவன் பயப்படல. "அண்ணே, கம்பெனிப் பாட்டும் போட்டு வச்சுப் பாத்தேன். ஒருத்தியும் கேக்க மாட்டேங்குறா. சட்டியோடதான் வேணுங்குறாங்க. எனக்கே புரியல. பொம்பளைங்கதான் வந்து கேக்குறாங்க, கேட்டுட்டு இங்கயே நின்னு அழுகுறாங்க"ன்னான். எதுக்கு அழுகணும்? அதை அவன் சொல்லுறப்ப என்னை நேராப் பாத்துச் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கல. மேசையில இருந்த மெமரி கார்டை ஒரு கை அள்ளி, வாயைப் பிடிச்சு உள்ள போட்டு, முழுங்குடான்னேன். நகம் அளவு இருக்குமே, அது. மூணு முழுங்குனான். நாலாவது தொண்டையில நின்னுக்கிச்சு. கண்ணு பிதுங்கி, கண்ணாடி விழுந்து, கையால ஷட்டரைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிக்கப் பாத்தான். நான் ஷட்டரை இழுத்து விட்டேன். நாலு வெரலும் உள்ள இருந்துச்சு. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேக்குது, வெளக்கமாத்துக் குச்சியை மொத்தமா ஒடிச்சா வருமே, அப்படி. பாவம்தான். நான் இல்லைங்கல. ஆனா திருடுனது யாரு?

பஸ் ஸ்டாண்டுல ஒரு ஸ்கூல் பிள்ளை. பத்தாவதோ பதினொண்ணாவதோ. கூட நாலு பிள்ளைக. போன்ல இதை வச்சுக் கேட்டுக்கிட்டு நிக்குதுக. நான் நல்ல மாதிரித்தான் சொன்னேன், "பாப்பா, அது சட்ட விரோதம், காலர் ட்யூனா வச்சுக்க"ன்னு. அது என்னைப் பாத்து, "நீங்கதான் அந்த ஆளா"ன்னு கேட்டுச்சு. கை பட்டுருச்சு. போன் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். சனம் கூடிப்போச்சு. நான்தான் பாட்டுக்குச் சொந்தக்காரன்னு கத்திக் கத்திச் சொல்லுறேன், ஒரு பயலும் கேக்கல. அன்னைக்கு எனக்கும் நல்ல அடி. பாரு, புருவத்துல தையல் தெரியுதா? மூணு தையல். இதுக்கும் எங்க ஊருத் துணிதான் கட்டுனாய்ங்க.

வலியோட படுத்துக்கிட்டு யோசிச்சேன். கடையை ஒடைச்சு என்ன பிரயோசனம். எல்லாத்துக்கும் மூலம் ஈஸ்வரி போன்ல இருக்கு. அதை ஒடைச்சா ஒழிஞ்சுச்சு. ஆனி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, பகல்ல, கம்போட அவ வீட்டுக்குப் போனேன். வாசல்ல யாரு நிக்கிறான்னா, ராமுத்தாய். நிலைப்படியில ரெண்டு கையையும் விரிச்சு நிக்கிறா. "அவளைத் தொடாதீக. பதியச் சொன்னதே நான்தான்"ங்குறா.

எனக்குப் புரியல. "எதைப் பதியச் சொன்ன?"

"எல்லாத்தையும். நீங்க வர்ற நேரம் எனக்குத் தெரியும். ஒல வைக்காம இருந்தா என்ன நடக்கும்னும் தெரியும்."

சொல்லு தாயி, இப்படி ஒரு பொம்பளை பேசுவாளா? கோவத்துல பேசுறது, அடுத்தவ மேல பழி வரக்கூடாதுன்னு பேசுறது. நான் அதைப் பெருசா எடுத்துக்கல. கம்பு ஈஸ்வரிக்குத்தான் ஓங்குனேன். இவ ஏன் குறுக்க கையை நீட்டுறா? வலது கை, ரெண்டு இடத்துல. எலும்பு தோலுக்கு வெளியில வந்து நின்னுச்சு, வெள்ளையா. அவ கத்தல. அதைப் பாத்துட்டு என்னைப் பாத்தா. நான்தான் கத்துனேன். நான்தான் ஆட்டோ பிடிக்க ஓடுனேன். அதை யாராவது எழுதுனாய்ங்களா? கேசுல அது இல்லவே இல்ல.

மகளிர் ஸ்டேஷன்ல இருந்து இன்ஸ்பெக்டர் அம்மா என் போனுக்கு அடிச்சாங்க. நான் எடுத்தேன். அந்தப் பக்கம் பேச்சே இல்ல. பாட்டைக் கேட்டுருப்பாங்கல்ல, அதுல உருகிப் போயிருப்பாங்க. பெறகுதான், "இந்தப் பாட்டை நீயாய்யா வச்ச?"ன்னு கேட்டாங்க. ஆமா மேடம், மொத ஆளா வச்சது நான்தான்னேன். "ஸ்டேஷனுக்கு வா"ன்னாங்க. பாளையங்கோட்டை ஜெயில்ல ஒரு மாசம் இருந்துட்டு வந்தேன்.

வந்து பாத்தா வீடு பூட்டிக் கெடக்கு. அவ மதுரையில ஏதோ ஹாஸ்டல்ல இருக்கான்னு சொன்னாய்ங்க. நம்பரை மாத்திட்டா. எனக்கு வீட்டுல இருக்கப் பிடிக்கல தாயி. சோறு எறங்கல. அவ குரலைக் கேக்கணும்னா எனக்கு ஒரே வழிதான். என் போன்ல வச்ச பாட்டு எனக்குக் கேக்காது, அதுதான் இந்தக் காலர் ட்யூன்ல உள்ள கோளாறு. வச்சவன் காதுக்கு வராது. அதனால பாட்டு வச்சிருக்கிற மத்தவங்களுக்கு அடிப்பேன், முன்னமே ஜெரால்டுகிட்ட வாங்கி வச்சிருந்த நம்பருக. லாரி செட்டுல ஒருத்தர், ஒரு பால் பண்ணை, முன்னப்பின்ன தெரியாத ஒரு டீச்சரம்மா. அடிச்சுட்டுக் காதுல வச்சுக்கிட்டு, எடுத்துறக் கூடாது சாமின்னு வேண்டிக்கிட்டு இருப்பேன். எடுத்தா பாட்டு நின்னுருமே. டீச்சரம்மா நாலு தடவைக்கு மேல எடுத்து, போலீஸ்ல சொல்லுவேன்னாங்க. அழுதுட்டேன். நான் அழுததை நீ யாருகிட்டயும் சொல்லிராத.

எட்டாவது கேசு போயிட்டு இருக்கு. இன்னும் மூணுதான்.

என் வக்கீலு ஒண்ணுக்கும் ஆகாதவரு. நானா யோசிச்சு வச்சிருக்கேன். ஜட்ஜம்மா என்ன கேப்பாங்க? "பொண்டாட்டியை மதிச்சியா, அவ மேல பாசம் இருந்துச்சா"ன்னு கேப்பாங்க. நான் வாயால சொல்ல மாட்டேன். "அம்மா, இந்தா என் நம்பரு. உங்க போன்ல இருந்து நீங்களே அடிச்சுப் பாருங்க. அவ விட்டுட்டுப் போன பெறகும் ஒரு மாசம் கூட நிறுத்தாம அவ குரலைத்தான் வச்சிருக்கேன். கெட்டவன் வைப்பானா?"ன்னு கேக்கப் போறேன். இதுக்கு எந்த வக்கீலு பதில் சொல்லுவான்?

அது சரியா வருதான்னு பாக்கத்தான் உன்னை அடிக்கச் சொல்லுறேன். ஏன்னா முந்தாநாளு சாயங்காலம் ஜெரால்டு போன் பண்ணுனான். ரொம்ப நாளைக்கப்புறம். பாட்டை மாத்திப் போட்டிருக்காங்களாம். "அண்ணே, பழசு போகவே இல்ல. ஜனங்க கேக்குற மாதிரி முழுசாப் போட்டுட்டோம். ராமுத்தாய் மேடம் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க. ரெண்டே நாள்ல பிச்சுக்கிட்டுப் போகுது. பழைய ஆளுங்க எல்லாருக்கும் நாங்களே மாத்தி விட்டுட்டோம், உங்களுக்கும்"னு சொன்னான். நான் ஒண்ணு கேக்குறதுக்குள்ள வச்சுட்டான். எனக்குச் சந்தோசம். இடது கையாலதான் கையெழுத்துப் போட்டிருப்பா, வலது கை இன்னும் மடங்கலையாம். போட்டிருக்கான்னா என்ன அர்த்தம்? கோவம் தணிஞ்சிருச்சுன்னுதான அர்த்தம்? நான் வளத்த பாட்டுக்கு அவ திரும்பி வந்துட்டா. எனக்கும் திரும்பி வருவா.

நேத்து பூராவும் மத்தவங்களுக்கு அடிச்சுப் பாத்தேன். டீச்சரம்மா என் நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க போல. லாரி செட்டுக்காரரு ஸ்விட்ச் ஆஃப்.

அடிக்கிறியா? நல்லாருப்ப. சொல்லுறேன், போடு. தொண்ணூத்தெட்டு, நாப்பத்திரெண்டு... ஆங். பாரு, என் போன் அடிக்குது. நான் எடுக்க மாட்டேன், நீ முழுசாக் கேளு. வருதா? பொம்பளைக் குரலா? அவதான். நல்லாருக்குல்ல. காயமிருக்குன்னு ஒரு இழுப்பு இழுப்பா பாரு, அந்த எடம் வந்துருச்சா? நீ ஏன் கட்டைப் பிடிச்சுக்கிட்ட, வலிக்குதா?

என்ன தாயி, எதுக்கு விலுக்குன்னு காதுல இருந்து எடுத்துட்ட? சத்தம் சாஸ்தியா வச்சிருக்காய்ங்களா? புல்லாங்குழலு ஓங்கி வரும், அதுதான். இந்தா, எங்கிட்டக் குடு, நான் கேக்குறேன். குடு. அட, கட்டாயிருச்சா. சரி விடு.

மறுபடியும் அடிக்கிறியா? உனக்கே பிடிச்சுப் போச்சு பாத்தியா. இந்தத் தடவை அசையாமக் கேக்குறியே. எதை அமுக்குன? ஸ்டாரா? அதை அமுக்குனா இந்தப் பாட்டு உன் போனுக்கும் வந்துரும் தாயி, தெரிஞ்சுதான் அமுக்குனியா? மாசாமாசம் காசு எடுப்பான். பரவாயில்லையா? உன்னை எவன் கூப்பிட்டாலும் இனி இதுதான் கேக்கும். அட, அந்தத் தூணு ஓரத்துல இருக்கிற அக்காவுக்கும் நம்பரைச் சொல்லுறியே. சொல்லு, சொல்லு. எல்லாரும் அடிங்க. இதைத்தான் நாலு மாசம் கம்பைத் தூக்கிக்கிட்டுச் சொன்னேன். ஓசியில கேக்காதீக, முறையா வச்சுக்கங்கன்னு. இங்க ஒரு வார்த்தை அதட்டாம நடக்குது.

ராமுத்தாய் வந்துட்டா. அந்தப் படியில ஏறுறா பாரு, நீலச் சேலை. மெலிஞ்சு போயிட்டா. என்னைப் பாக்க மாட்டேங்குறா. பாக்குறப்பப் பாக்கட்டும்.

எங்க பேரைத்தான் கூப்பிடுறான். நான் போனை ஆஃப் பண்ணல. ஜட்ஜம்மாகிட்டச் சொல்லி, அடிச்சு ஸ்பீக்கர்ல போடச் சொல்லப் போறேன். கோர்ட்டு முழுக்கக் கேக்கட்டும், அவளும் கேக்கட்டும். நானும் இன்னைக்குத்தான் கேக்கப் போறேன். வர்றேன் தாயி. அந்தக் கட்டை நனைச்சுராத.